நாகரிகமும் கடைமடையும்

நாகரிகம் என்னுஞ் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். நகரத்தோடு உறவுடைய சொல் அது. ஆகலின், மாடமாளிகையும் அகன்ற வீதியும் மின்னொளியும் விரைந்தோடும் ஊர்தியுமே நாகரிகம் என்னும் எண்ணம் பலருள்ளத்தில் வேரூன்றிவிட்டது. நம் முன்னோரோ அச்சொல்லுக்கு வேறொரு பொருளுங் கண்டனர். திருக்குறளிலே கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் நாகரிகம் என்னுஞ் சொல் வருகின்றது. அதற்குப் பரிமேலழகர் கண்ணோட்டம் என்றே பொருள் உரைத்தார். பழகினார்மீது கொள்ளும் இரக்கமும், அவர்பொருட்டுத் தன்னலத்திற் சிறிது விட்டுக்கொடுக்கும் மனப்பண்புமே அதன் கருத்தாம்.

கட்டடத்தால் அறியப்படும் நாகரிகம் ஒன்று. கண்ணோட்டத்தால் அறியப்படும் நாகரிகம் மற்றொன்று. காலநிலை மாறி, மழை பருவந் தப்பி, கடல் கரையை அரித்து, அயலவர்க்கிடையே ஐயமும் வளர்ந்துவரும் இந்நாளில், இவ்விரண்டனுள் எது நம்மைத் தாங்கி நிற்கும்? அடியுண்ட பின்னும் நிலைகுலையாது மீண்டெழும் ஆற்றல் ஒரு சமுதாயத்துக்கு எங்கிருந்து வருகின்றது? உலகெங்கும் அறிஞர் இவ்வினாக்களை ஆராய்ந்துகொண்டிருக்கின்றனர். அவற்றுக்குரிய விடைகளுள் ஒன்று நம் கல்முனைப் பகுதிக்கு நீர்தரும் வாய்க்கால்களிலேயே கிடக்கின்றது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நிலத்தின் அமைப்பு

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என நம் ஊர்கள் கடலோரத்தில் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. தமிழர் ஊரும் முஸ்லிம்கள் ஊரும் மாறி மாறி வருவதால், இங்குள்ள உறவைப் பிட்டும் தேங்காய்ப்பூவும் போன்றதென்று பெரியோர் உவமித்தனர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே வட்டை வட்டையாக விரிந்து கிடக்கும் நெல்வயல். இரண்டுக்கும் இடையே ஓர் ஒடுங்கிய மணல்மேடு. அம்மேட்டின்மீதே நம் வீடுகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் பாடசாலைகளும் அமைந்துள்ளன.

சிங்களத்திற் கல்லோயா எனவும் தமிழிற் பட்டிப்பளை ஆறு எனவும் வழங்கும் ஆறே இந்நிலத்தின் உயிர். மேற்கிலிருந்து வரும் நீர் வயல்களை நனைத்து, எஞ்சியது கடலை அடைதல் வேண்டும். ஆயின் இடையே மணல்மேடு மறித்து நிற்கின்றது. முகத்துவாரங்களும் தோணாக்களுமாகிய சில வாயில்களே நீருக்கு வழி. கோடையில் அலைகள் மணலை ஒதுக்கி அவ்வாயில்களை அடைத்துவிடும். மாரியில் நீர் பெருகும்போது அவற்றை வெட்டித் திறத்தல் வேண்டும்.

வாய்க்காலின் தொடக்கத்திலுள்ள வயலைத் தலைமடை என்றும், முடிவிலுள்ள வயலைக் கடைமடை என்றும் உழவர் கூறுவர். வறட்சி வந்தால் நீர் முதலில் அற்றுப்போவது கடைமடையில். வெள்ளம் வந்தால் நீர் கடைசியாக வடிவதும் அங்கேயே. பட்டிப்பளை ஆற்றின் முழு நீளத்தையும் ஒரு வாய்க்காலாகக் கொண்டால், நம் கரையோர ஊர்கள் அனைத்தும் அதன் கடைமடையே. மேலுள்ளவர் நீர் விடாவிடின் நமக்கு விளைவில்லை. கீழுள்ளவர் வழி விடாவிடின் நமக்கு வடிவில்லை. ஆகவே இங்கு எவ்வூரும் தனித்து வாழ்தலும் அரிது, தனித்துத் தப்புதலும் அரிது.

பட்ட அடிகள்

1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், பூரணை தினத்தன்று, காலை ஏழு மணியளவிற் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கிற்று. இரண்டு மணி நேரத்துக்குள் ஆழிப்பேரலை நம் கரையை அடைந்தது. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அவர்களுள் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தினர். இந்நாட்டில் வேறெந்த மாவட்டமும் அத்துணை உயிரை இழக்கவில்லை.

2011 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பெய்த பெருமழையால் கிழக்கில் இலட்சக்கணக்கானோர் வீடுவாசல் விட்டு வெளியேறினர். அறுவடைக்கு நின்ற நெல் நீரில் மூழ்கிற்று. 2024 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆம் நாள் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலுள்ள வீதியில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்திற் கவிழ்ந்தது. மாணவர் பலர் உயிரிழந்தனர். அவர்களை மறித்து நின்றது புயலுமன்று, ஆழிப்பேரலையுமன்று. ஆண்டுதோறும் நாம் கண்டு பழகிய மாரி வெள்ளமே.

ஆழிப்பேரலைக்கும் காலநிலைக்கும் தொடர்பில்லை. ஆயின் மழையின் போக்குக்கும் கடலின் போக்குக்கும் தொடர்புண்டு. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுவதால் வளிமண்டலம் வெப்பமடைந்து வருகின்றது. வெப்பம் ஒரு பாகை செல்சியசு கூடினால், காற்றுத் தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 வீதம் கூடும். ஆகவே மழை பெய்யுங்காற் கொட்டித் தீர்க்கின்றது. பெய்யாத நாட்களில் மண் முன்னினும் விரைவாகக் காய்கின்றது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. கடல் உயர்ந்தால் முகத்துவாரத்தின் வழியே வெள்ளம் வடிவது தாமதமாகும். உவர்நீர் உள்ளே புகுவது எளிதாகும். மேட்டிலிருப்பவர்க்கு இது செய்தி. கடைமடையிலிருப்பவர்க்கு இது வாழ்வு.

கட்டியவை காத்தனவா?

இத்தகைய அடிகளைக் கண்டவுடன் பெரிதாக ஒன்றைக் கட்டவேண்டுமென்று மனம் விழைவது இயல்பு. நம் பகுதியிற் கட்டப்பட்டவற்றுள் இரண்டை எடுத்துக்கொள்வோம்.

ஒலுவிலில் 2008 ஆம் ஆண்டிலே துறைமுக வேலை தொடங்கப்பெற்று, 2013 ஆம் ஆண்டிலே துறைமுகம் திறக்கப்பட்டது. நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலையும் நீரோட்டமும் அதனைத் தெற்கிலிருந்து வடக்காக மெல்ல நகர்த்திச் செல்லும். ஓரிடத்தில் அரிக்கப்பட்ட மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து புதுமணல் வந்து சேரும். கடலுக்குள் நீட்டிய கல்லணை அவ்வரவை மறித்தது. மறிக்கப்பட்ட மணல் துறைமுக வாயிலிற் குவிந்து படகுகளின் வழியை அடைத்தது. வரவிழந்த வடபாற் கரையையோ கடல் அரித்துச் சென்றது; தென்னைகளும் காணிகளும் கடலுட் சென்றன. கரையிலும் ஒரு தலைமடையும் கடைமடையும் உண்டென்பதை எண்ணாது கட்டியதன் விளைவு இது.

மற்றொன்று, ஆழிப்பேரலையால் வீடிழந்தவர்க்கென அக்கரைப்பற்றுக்கு அண்மையில் நுரைச்சோலையிற் சவூதி அரேபிய உதவியோடு கட்டப்பெற்ற 500 வீடுகள். சுவரெழுந்தது, கூரை ஏறிற்று, வீதியும் அமைந்தது. ஆயின் அவ்வீடுகளை யார் யாருக்கு எவ்விகிதத்திற் பங்கிடுவதென்பதில் இனங்களுக்கிடையே பிணக்கெழுந்து, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. பத்தாண்டுக்கு மேலாக அவ்வீடுகள் குடியின்றிக் காடுபற்றிக் கிடந்தன. கல்லும் சீமெந்தும் குறைவுபடவில்லை; பங்கீட்டைப் பற்றிய உடன்பாடு ஒன்றே குறைவு. அஃதின்மையால் வீடு வீடாகவில்லை.

கட்டடம் வேண்டாமென்று நான் கூறவில்லை. அணையும் பாலமும் மருத்துவமனையும் இன்றியமையாதவை. கட்டடத்துக்குப் பின்னால் பங்கீட்டின் ஒழுங்கு ஒன்று நில்லாவிடின் அது காவாது என்பதே நான் கூறுவது.

இராசரட்டை கற்பிப்பது

இவ்வுண்மை இந்நாட்டு வரலாற்றுக்குப் புதியதன்று. அநுராதபுரத்திலும் பொலனறுவையிலும் ஆண்ட மன்னர் கட்டிய பெருங்குளங்களையும் நெடுங்கால்வாய்களையும் உலகம் வியக்கின்றது. 13 ஆம் நூற்றாண்டில், 1215 ஆம் ஆண்டின் மாகன் படையெடுப்போடும் அதன் பின் வந்த குழப்பங்களோடும், அவ்வரசு சிதைந்தது. பெருங்குளங்கள் உடைந்து காடாயின. ஆயின் சிற்றூர்க் குளங்கள் பல அக்காட்டினிடையே உயிரோடு நின்றன. கேம்பிரிட்ஜ் மானிடவியலறிஞர் எட்மண்ட் லீச் 1959 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இதன் காரணத்தை விளக்கினார். பெருங்குளம் அரசன் ஆணையால் நின்றது. அரசன் வீழ்ந்தபோது அதுவும் வீழ்ந்தது. சிறுகுளமோ ஊரார் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கால் நின்றது. ஊர் உள்ளவரை ஒழுங்கும் இருந்தது.

2022 ஆம் ஆண்டில் நாமும் இதனைச் சிறிய அளவிற் கண்டோம். முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். தொலைவிலுள்ள ஒரு கை தளர்ந்தால் நம் அடுப்பு அணையும் என்பதை அந்நாட்கள் நமக்குக் காட்டின.

வட்டையின் ஒழுங்கு

நம் பகுதியில் ஊரார் வகுத்த ஒழுங்குக்குப் பெயர் வட்டை. ஒரு வாய்க்காலின்கீழ் ஒன்றாக விளையும் வயற்பரப்பே வட்டை எனப்படும். போகத்துக்கு முன் ஆரம்பக் கூட்டம் கூடும். விதைக்கும் நாள், வாய்க்காலைத் துப்புரவு செய்யும் நாள், மாடுகளை மேய்ச்சற்றரைக்கு அகற்றும் நாள், வேலியடைக்கும் நாள் ஆகியவற்றை யாவரும் கூடித் தீர்மானிப்பர். வட்டைவிதானையார் ஒருவரைத் தெரிந்து, நீர்ப்பங்கீட்டை அவர் பொறுப்பில் விடுவர். அவருக்குரிய வேதனம் விளைந்த நெல்லிலிருந்து ஏக்கர்க் கணக்கில் அளக்கப்படும். ஆகவே விளைவு குறைந்தால் அவர் பங்கும் குறையும். ஒரு வட்டையிற் போடியாரும் உண்டு, முல்லைக்காரரும் உண்டு. தமிழரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. வாய்க்கால் வருவதை ஒட்டியே அயல் அமைந்தது; சாதியையோ சமயத்தையோ ஒட்டியன்று.

அந்நியர் ஆட்சியும் இவ்வழக்கின் பயனை உணர்ந்தது. 1856 ஆம் ஆண்டில் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம், பழைய நீர்ப்பாசன வழக்கங்களை மீட்டு வலியுறுத்துவதற்கென்றே எழுந்தது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் விதானைப் பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்திற்று. எனினும் நம் வயல்வெளியில் வட்டைவிதானை என்னும் பெயரும் தொழிலும் மறையவில்லை.

இவ்வொழுங்கிற் குறையே இல்லையென்று நான் புகழவரவில்லை. போடியார் சொல்லே மேலோங்கிய காலமும் இருந்தது; உழைப்பவனுக்குக் குரலில்லாத வட்டைகளும் இருந்தன. ஆயினும், நீர் குறைந்தாற் குறைவையும் பங்கிடவேண்டும் என்னும் நெறி அதனுள் இருந்தது. நிறைவைப் பங்கிடுதல் எளிது. குறைவைப் பங்கிடுதலே நாகரிகத்தின் சோதனை.

கல்லோயா இடதுகரை

அச்சோதனையில் மக்கள் வென்ற கதை ஒன்று நம் ஆற்றிலேயே நிகழ்ந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதனைப் படிக்கின்றனர். நம் மாணவரோ பெரும்பாலும் அறியார்.

1949 ஆம் ஆண்டிற் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் ஆற்றை மறித்து, 770,000 ஏக்கரடி நீர் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரம் அமைக்கப்பட்டது. அங்கிருந்து இடதுகரை, வலதுகரை வாய்க்கால்கள் சென்றன. இடதுகரையின் தலைமடையிற் சிங்கள விவசாயிகள் குடியேற்றப்பட்டனர். கடைமடையிற் பெரும்பாலார் தமிழ் விவசாயிகள். 1956 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இப்பள்ளத்தாக்கிலே இனக் கலவரம் மூண்டு தமிழர் பலர் கொல்லப்பட்டனர். சுதந்திர இலங்கையின் முதற் பெரும் நீர்ப்பாசனத் திட்டமே, அதன் முதற் பெரும் இனக் கொலைகளுள் ஒன்றுக்கும் களமாயிற்று.

நாளடைவில் வாய்க்கால்கள் தூர்ந்தன, கதவுகள் உடைந்தன. தலைமடையார் இரவும் பகலும் நீரை எடுத்தனர். கடைமடைக்கு நீர் செல்லவில்லை. நாட்டிலேயே மிகச் சீர்குலைந்த நீர்ப்பாசனத் திட்டம் என்று இடதுகரை பெயர்பெற்றது. 1981 ஆம் ஆண்டிற் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கூடி அங்கு ஒரு முயற்சி தொடங்கின. இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாக ஊர்களிற் சென்று தங்கினர். அவ்வேளை சமுத்திரத்தில் இருந்த நீர் ஏறத்தாழக் காற்பங்கே.

அமைப்பாளர் எவர்க்கும் கட்டளையிடவில்லை. வீடு வீடாகச் சென்று, உழவரின் குறைகளைக் கேட்டனர். ஒரே வயல்வாய்க்காலில் நீர் பெறும் உழவர் சிலரைச் சிறு குழுவாகக் கூட்டினர். குழுத் தலைவரை வாக்கெடுப்பினாலன்றி, யாவரும் உடன்பட்ட ஒருமித்த கருத்தினாலே தெரிந்தனர். சில வாரங்களுக்குள் பல ஆண்டுகளாகத் தூர் வாரப்படாத வாய்க்கால்கள் துப்புரவாயின. முறைவைத்து நீர் பாய்ச்சுதல் தொடங்கிற்று. தமக்கு மிஞ்சிய நீரைக் கீழே விடும் வழக்கமும் பிறந்தது. அம்முயற்சியை வழிநடத்தியவருள் ஒருவரான நோர்மன் அப்ஹோஃப், இவ்வநுபவத்தை 1992 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

இதன் முழுப்பயன் 1997 ஆம் ஆண்டின் சிறுபோகத்தில் வெளிப்பட்டது. அவ்வாண்டு சமுத்திரத்தில் நீர் மிகக் குறைவு. இருக்கும் நீர் 15,000 ஏக்கர் நெல்லுக்கே போதுமென்று நீர்ப்பாசனத் திணைக்களம் கணித்தது. இடதுகரையில் விதைக்கவேண்டியதோ 65,000 ஏக்கர். தலைமடையார் வேண்டுமானால் அப்பதினையாயிரத்தையும் தாமே விதைத்துக் கடைமடையைக் கைவிட்டிருக்கலாம். நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆயின் உழவர் அமைப்புகள் கூடிப் பேசி, 65,000 ஏக்கரையும் பயிரிட அநுமதி பெற்றன. துளித்துளியாக முறைவைத்துப் பங்கிட்டன. மேலிருந்த சிங்கள உழவர், கீழிருந்த தமிழ் உழவர்க்கும் நீரை விட்டனர். அப்போகத்தில் வழக்கத்தினும் நல்ல விளைச்சல் கிடைத்தது. அப்ஹோஃபும் விஜயரத்தினாவும் இச்செய்தியை 2000 ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரையாக உலகறியச் செய்தனர்.

எவ்வாறு இயன்றது?

மனிதர் திடீரெனத் தேவராயினர் என்று இதற்கு விடை கூறுதல் பொருந்தாது. காரணங்கள் தெளிவானவை.

முதலாவது, குழுக்கள் சிறியன. நீரைத் திருடினால் யாருடைய வயல் காயும் என்பது திருடுபவனுக்கு முகத்தோடு தெரியும். இரண்டாவது, தான் சிக்கனஞ் செய்தால் அடுத்தவனும் செய்வான் என்னும் உறுதி பிறந்தது. அவ்வுறுதி இல்லாதபோது, கிடைக்கும்போதே அள்ளிக்கொள்வதுதான் அறிவுடைமையாகத் தோன்றும். மூன்றாவது, பொறியியலாளர் உழவரை மதித்துச் செவிகொடுத்தனர். இருக்கும் நீரின் கணக்கு யாவர்க்கும் வெளிப்படையாயிற்று. நான்காவது, பதினாறு ஆண்டுப் பழக்கம். 1981 இல் சிறு வாய்க்காலைத் துப்புரவு செய்யக் கூடியவர்களே 1997 இல் பெருவறட்சியைத் தாண்டினர். ஆபத்து வந்தபின் அமைப்பைத் தேடினால் அது கிட்டாது. பொதுவளத்தை அதனைப் பயன்படுத்துவோரே வகுத்த விதிகளால் அழியாது காக்கலாம் என நிறுவிய எலினோர் ஒஸ்ட்ரொம் அம்மையாருக்கு 2009 ஆம் ஆண்டிற் பொருளியல் நோபெல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்தவற்றுள் நீர்ப்பாசன அமைப்புகளும் அடங்கும்.

இதன் எல்லையையும் மறைக்கலாகாது. கல்லோயா உழவரின் ஒற்றுமை போரை நிறுத்தவில்லை. ஆயினும், பெரிய நீதி கிட்டாத காலத்திலும் ஒரு போகத்து நெல்லை அது காத்தது. பல்லாயிரங் குடும்பங்கள் அவ்வாண்டு உண்டன. பெருந்தீர்வு வரும்வரை சிறுதீர்வைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று.

நாம் யாருடைய தலைமடை?

இதுவரை நம்மைக் கடைமடையாகவே கருதினோம். இனி வினாவைத் திருப்புவோம். மேலுள்ளவர் நீர் விடவில்லை என்று முறையிடும் நாம், நமக்குக் கீழுள்ளவர்க்கு என்ன செய்கின்றோம்?

மணல்மேட்டில் இடம் போதாமையால், ஊர்கள் மேற்கே வட்டைக்குள் இறங்குகின்றன. 2005 ஆம் ஆண்டிற் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென விதிக்கப்பட்டது. அது பின்னர் தளர்த்தப்பட்டதாயினும், குடிபெயர்ந்தோர்க்கான வீட்டுத் திட்டங்கள் சில வயலை நிரப்பியே எழுந்தன. நம் பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கே வீட்டைச் சீதனமாகக் கொடுக்கும் தாய்வழி மரபினர். மூன்று பெண்மக்களைப் பெற்றவன் மூன்று வீடு கட்டவேண்டும். பத்துப் பேர்ச் வயலை மண்ணிட்டு நிரப்பும் தகப்பன் கொடியவனல்லன். தன் கடமையைச் செய்பவன். ஆயின் அப்பத்துப் பேர்ச்சில் நின்ற வெள்ளம் எங்கே போகும்? அயலான் முற்றத்துக்கே போகும். அயலானும் தன் நிலத்தை உயர்த்துவான். முடிவில், உயர்த்தப் பொருளற்றவன் வீட்டிலே அனைவர் வெள்ளமும் நிற்கும். மாரி நாட்களில் வகுப்பறை வரவுப் பதிவேட்டைப் பார்க்கும் ஆசிரியர் எவர்க்கும் அவ்வீடுகள் எவையென்பது தெரியும். ஆண்டுதோறும் வராதிருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அதே பிள்ளைகளே.

இதனோடு எல்லைப் பிணக்கும் சேர்ந்துள்ளது. 1985 இலும் 1990 இலும் நிகழ்ந்த கொலைகளின் வடு இரு சமூகத்திலும் ஆறவில்லை. பிரதேச செயலக எல்லையைக் குறித்து 2019 ஆம் ஆண்டிற் கல்முனையில் உண்ணாவிரதமும் எதிர்ப்பும் எழுந்தன. யார் பக்கம் நியாயம் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஒன்றுமட்டும் கூறலாம்: நீருக்கு எல்லைக் கல் தெரியாது. எல்லை எங்கே வகுக்கப்பட்டாலும், காரைதீவின் வெள்ளமும் சாய்ந்தமருதின் வெள்ளமும் ஒரே கடலையே நாடும்.

ஆகவே எல்லைப் பிணக்குத் தீரும்வரை காத்திராது, வட்டையையே அலகாகக் கொண்டு செய்யத்தக்கவை சில உள. நீரோடும் தாழ்நிலங்களை ஊர் வேறுபாடின்றி ஒரே வரைபடத்திற் குறித்து, அவ்வழியை யாரும் நிரப்பாதிருக்க உடன்படுதல் ஒன்று. நிரப்பியே ஆகவேண்டிய இடத்தில் நீர் போக மதகு வைத்தல் வேண்டும். மகளுக்குரிய வீடு பக்கவாட்டில் விரியாது, தாய்வீட்டின்மேல் மாடியாக எழலாம். மரபும் கெடாது, வயலும் அழியாது.

முகத்துவாரத்தை எந்த நீர்மட்டத்தில் வெட்டுவதென்பதை மாரிக்கு முன்னரே உழவரும் மீனவரும் அதிகாரிகளும் கூடித் தீர்மானித்து, அளவுக் கல் நாட்டுதல் மற்றொன்று. நள்ளிரவிற் கழுத்தளவு நீரில் நின்றுகொண்டு நிகழும் வாக்குவாதம் யாரையும் காவாது. மாவடிப்பள்ளியிலும் கிட்டங்கியிலும் நீர் தாம்போதியைக் கடந்து பாயத் தொடங்கியவுடன் இருகரையிலும் தடை போட்டு, ஆள் நிறுத்தும் பொறுப்பை அவ்வவ்வூர் இளைஞர் ஏற்றல் வேண்டும். 2004 இல் இந்துசமுத்திரத்துக்கு எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. 2012 ஏப்ரல் 11 இல் எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் வெளியேறினர். இடைப்பட்ட எட்டாண்டில் உலகம் கற்றது அது. இனி அவ்வெச்சரிக்கை கடைசி வீட்டுக் கிழவியையும் எட்டவேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி தமிழ்த் தெருவுக்கும் கேட்கும். கோயில் மணி முஸ்லிம் தெருவுக்கும் கேட்கும். வேண்டுவது, இன்ன ஒலிக்கு இன்ன பொருள் என்னும் உடன்பாடு ஒன்றே. வட்டைதோறும் அடுத்த போகத்துக்குரிய விதைநெல்லைப் பொதுவிற் சேமித்தலும் நன்று. 2011 போன்ற வெள்ளத்தில் விளைவை இழந்தவன் கடன்படாமல் மீண்டும் விதைக்கலாம்.

மலரைப் படிப்போர்க்கு

காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி, தமிழ்ப் பேராசிரியர். 1947 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய யாழ்நூல், கணிதமும் தமிழும் ஒரு மனத்தில் ஒருங்கே குடியிருந்ததன் விளைவு. நம் கரைக்கும் இன்று அத்தகைய கூட்டறிவே வேண்டும். நீரின் கணக்கை அறிந்தவனுக்கு அயலானின் மனமும் தெரிதல் வேண்டும். மனத்தை அறிந்தவனுக்கு நீரின் கணக்கும் புரிதல் வேண்டும்.

இக்கல்லூரியிற் பயின்ற பழைய மாணவர்களுட் பொறியியலாளர் உளர், நிருவாக அதிகாரிகள் உளர், கடல்கடந்து வாழ்வோர் உளர், வயலை விடாத உழவரும் உளர். அவரவர்க்கு அயலூர்ப் பாடசாலைகளிற் பயின்ற முஸ்லிம் நண்பரும் உளர். இவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து மேற்சொன்ன வரைபடத்தைத் தயாரிப்பார்களாயின், அதுவே இக்கல்லூரிக்கு அவர்கள் செய்யும் நன்றிக்கடன். மாணவர்களே, நீங்கள் இம்மாரியில் உங்கள் வீட்டு முற்றத்து நீர் எவ்வழியே கடலை அடைகின்றதென்று நடந்து சென்று பாருங்கள். யார் யார் வளவைக் கடந்து அது போகின்றதெனக் குறித்து வையுங்கள். நீங்கள் சேர்ந்து வாழவேண்டியவர்களின் பெயர்ப்பட்டியல் அதுவே.

நம் சந்ததியார் நம்மை அளக்கும்போது, எத்தனை மாடி கட்டினோம் என்று கேளார். நீர் குறைந்த ஆண்டிற் கடைமடைக்கு நீர் சென்றதா, நீர் மிகுந்த ஆண்டில் அங்கிருந்த குழந்தை வீடு திரும்பிற்றா என்றே கேட்பர். ஆம் என்று விடை கூறத்தக்க செயலை இன்றே தொடங்குவோமாக.